சீர்த்தட்டில் வந்த வீல் ஸ்பேசர்

எங்கள் அண்ணன் கொடுக்க ஆரம்பித்தால் அளவு தெரியாதவன். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறான். நான் செம்பூருக்குக் குடிபோனபோது, பால் காய்ச்சப் பாத்திரம் கேட்டால் கேஸ் அடுப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தான்.

போன வருஷம், வாடகைக்கு ஓட்டுவதற்காக நான் ஒரு பழைய எஸ்யூவி வாங்கினேன். கெத்தாக இருக்கட்டும் என்று அகலமான டயராகப் பார்த்து மாட்டினேன். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்பக்கம் உரசியது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற உலோக வளையத்தை வைத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும் என்றார் மெக்கானிக். அதை அண்ணனிடம் போனில் புலம்பியதுதான் தாமதம்.

மறுநாள் மெக்கானிக் கடைக்கே வந்து நின்றான். கையில் எவர்சில்வர் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், மாட்டுங்காவில் வாங்கிய மல்லிகைச் சரம், நடுவில் குங்குமம் வைத்த நான்கு ஸ்பேசர். தங்கச்சி வண்டிக்கு அண்ணன் வைக்கிற சீராம். கடையே வேடிக்கை பார்த்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இப்படி ஒருத்தனோடு கூடப்பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஆனால் நான் குக்கர் மூடியைக்கூட ஆட்டிப் பார்த்து வாங்குகிறவள். ஒரு சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, வளையத்தை நானே மாட்டினேன். போல்ட் துளைகள் ஐந்தும் சரியாக உட்கார்ந்தன. நடுத்துளைதான் பெரிது. அச்சுமுனையைக் கவ்விப் பிடிக்காமல் லேசாக ஆடியது. மேலே சக்கரத்தை வைத்து நட்டைத் திருகினால், வெளியே நீண்ட போல்டில் அது பிடிப்பதற்கு இரண்டு மூன்று மரைதான் மிச்சம். மெக்கானிக் "சலேகா, சலேகா", அதெல்லாம் ஓடும் என்று இந்தியில் சொல்லிக் கையை ஆட்டினார்.

சீரை வேண்டாம் என்றால் எங்கள் பக்கத்தில் உறவையே வேண்டாம் என்று அர்த்தம். அதுவும் நாலு பேர் பார்க்கக் கொடுத்திருக்கிறான். இருந்தும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, இது ஆடுது. நட்டுக்குப் பிடிமானமும் இல்ல. நான் போட மாட்டேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. நாலு நாள் வண்டி ஓட்டிவிட்டு எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று கத்தினான். பட்டறைச் சரக்கு ஏற்றும் தன் பிக்கப் வண்டிக்கும் இந்த ஸ்பேசர் வாங்கிய கடையில்தான் வாங்கி மாட்டியிருக்கிறானாம், அது ஓடவில்லையா என்றான். மாட்டும்போது ஆட்டிப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன்.

வளையத்தை வாங்கி அவனே மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். நட்டை மெதுவாகத் திருகிப் பார்த்தான். முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்துவிட்டது. அந்தப் பிக்கப்பில் பைகளை ஏற்றிக்கொண்டு அவன் மகன் உல்லாஸ்நகருக்குப் புறப்பட்டிருந்தான்.

அண்ணன் அங்கேயே போனை எடுத்தான். "ஏலே, வண்டிய ஓரங்கட்டு. எறங்கித் தள்ளி நில்லு. அப்பா தப்பா மாட்டிட்டேம்லே."

தன்னைப் பற்றி அவன் தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. வெறும் வாய்த்துடுக்கு என்று என்மேல் பழிபோட்டு, தட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். கடை முழுக்க ஆள் நிற்க, பெற்ற பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னான். எத்தனையோ சீர் செய்திருக்கிறான், எதற்கும் எனக்கு அவனைப் பற்றி இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

டாக்ஸி பிடித்து இருவரும் ஓடினோம். வழியெல்லாம், வண்டியை விட்டுத் தள்ளித்தானே நிற்கிறாய் என்று போனில் கேட்டுக்கொண்டே வந்தான். முலுண்டு தாண்டி ரோட்டோரத்தில் பையன் நின்றிருந்தான். அவன் தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, அண்ணன் பிக்கப்பின் முன்சக்கரத்தருகே குத்தவைத்து உட்கார்ந்தான். நான் ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். அதற்குள் அவன் நட்டில் கையை வைத்திருந்தான். அது விரலுக்கே சுழன்றது.