மழை குடித்த துப்பாக்கி

நோலா பிரென்டிஸ் பேரைச் சொன்னால் எங்கள் பக்கத்துக் காட்டு நாய்க்கே குலை நடுங்கும். மேற்குக் குயின்ஸ்லாந்தின் ஆட்டுப் பண்ணைகளில் நாய் சுடுவதுதான் ஆயுசு முழுக்க அவள் பிழைப்பு. அப்படிப்பட்டவள் ஒரே நாயை இரண்டு முறை தவறவிட்டாள். அதுவோ தினம் விடியலில் வந்து ஆட்டுக்குட்டிகளைக் கிழித்துப் போட்டது. தின்னக்கூட இல்லை, சனியன்.

பண்ணைக்காரன் கிளாரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"வயசாயிடுச்சு நோலா, கண்ணு போச்சு. நாளைக்கும் விட்டேன்னா வேற ஆளை வச்சுக்குவேன். அப்புறம் இந்தப் பக்கத்துல ஒருத்தனும் உன்னைக் கூப்பிட மாட்டான்."

"வாயை மூடுடா, ஈ பூந்துரப் போவுது," என்றாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. அங்கே வேலி கட்டிக்கொண்டிருந்த எனக்குக் கிளாரி மேல் பற்றிக்கொண்டு வந்தது.

பண்ணைக் குட்டையின் கரையில் ஓர் அட்டையைச் சாத்தி அவள் சுட்டுப் பார்த்தாள். குண்டு இடப்பக்கம் போயிற்று. துப்பாக்கி மேலிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகைத் திருப்பிவிட்டுச் சுட்டாள். குழல் சூடேற ஏற, குண்டு இன்னும் இடப்பக்கம் நகர்ந்தது.

"கண்ணு கெட்டா கண்டபடி சிதறணும். இது ஒரே பக்கமால்ல ஓடுது?" என்று முனகியவள் என்னிடம் திரும்பினாள். "அஞ்சு டாலர் நோட்டு இருக்கா?"

"எதுக்கு, பந்தயமா?"

"குடுடா!"

குழலுக்கும் கீழே இருக்கும் மரக்கட்டைக்கும் நடுவே நோட்டைச் செருகி இழுத்தாள். தடையில்லாமல் கடைசிவரை ஓட வேண்டிய நோட்டு பாதியில் சிக்கிக்கொண்டது. ஏழு வருட வறட்சியில் வாழ்ந்தவர்கள் நாங்கள். மரம் ஊறும் என்பதே மறந்துவிட்டது. போன மாதம் வானம் கொட்டித் தீர்த்ததில், வறட்சியில் செதுக்கிய கட்டை உப்பிக் குழலைத் தள்ளிக்கொண்டிருந்தது.

உப்புத்தாள் சுற்றிய குச்சியால் இடுக்கைத் தேய்த்தாள். நோட்டு தாராளமாக ஓடியதும், இனி ஈரம் ஏறாதபடி மெழுகு பூசினாள். பிறகு திருகைச் சரிசெய்து மூன்று குண்டு சுட்டாள். மூன்று ஓட்டையையும் ஒரே காசால் மூடிவிடலாம்.

"அப்புறமென்ன, பிரமாதம்!" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இனிமே தப்பினா துப்பாக்கி மேல பழி போட முடியாதுப்பா. கண்ணுதான்."

மறுநாள் விடியலில் புல்லில் படுத்திருந்தோம். நாய் வந்தது. ஆனால் அப்போதுதான் பிறந்த ஒரு குட்டி அதற்கு முன்னால் தள்ளாடிக்கொண்டு நின்றது.

"சுடு, சுட்டுத் தொலை!" என்று பின்னாலிருந்து கிளாரி பல்லைக் கடித்தான்.

அவள் அசையவில்லை. நாய் தலையைத் தாழ்த்தியது. குட்டி கால் மடங்கி உட்கார்ந்ததும் சுட்டாள்.

நாய் விழுந்த இடத்தை விட்டு எழவில்லை. கிளாரி எழுந்து ஓடினான். நோலா மட்டும் படுத்தபடியே கிடந்தாள்.

"குட்டி நிக்குதா, பாரு," என்றாள்.

"நீதான் பாரேன்."

"கண்ணு பூரா தண்ணியா இருக்குடா. எப்படிப் பாக்கறது?"