பாட்டனார் வருகிறார்

மகன் அனுப்பிய புதிய போன் வந்து சேர்ந்த அன்று, பெட்டியை மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். ஒட்டியிருந்த நாடா ஒரு மூலையில் கொஞ்சம் எழும்பியிருந்தது. வழியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். திறந்து எண்ணினேன்: போன், வயர், ஒரு குட்டி ஊசி, மடித்த காகிதங்கள் இரண்டு. சார்ஜர் இல்லை. உடனே மகனைக் கூப்பிட்டு, "சார்ஜர எவனோ எடுத்துட்டான்டா" என்றேன். "இப்பல்லாம் சார்ஜர் குடுக்கிறதே இல்லப்பா. எல்லாருக்கும் அப்படித்தான்" என்றான். எல்லாரிடமும் எடுத்துக்கொண்டால் அது களவில்லை என்று உலகத்தில் ஒரு நியாயம் இருக்கிறது போலும்.

இந்தப் போனுக்கு ஒரு வித்தை தெரியும். குரலில் வரும் செய்தியைக் கேட்டு எழுத்தாக்கி, ஆங்கிலத்திலும் மாற்றித் தரும். எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று மகன் இதைச் செய்து வைத்தான். நான் பேசுவதையும் அது கேட்டுக்கொண்டிருக்கிறதா என்ற கேள்விக்கு அவன் நேரான பதில் சொல்லவில்லை. அதனால் இரவில் போனை அலுமாரிக்குள் வைத்து, மேலே இரண்டு துவாய் போட்டு மூடிவிடுகிறேன்.

போன கிழமை பக்கத்து வீட்டு நஸ்ரினிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அங்கிள், எங்கட தாத்தா நாளைக்கி வாரா. நாங்க வீட்டில இல்லாட்டி சாவிய அவக்கிட்ட குடுங்களேன்." அதன் கீழே ஆங்கிலத்தில் போன் எழுதிய வரி, நஸ்ரினின் பாட்டனார் நாளை வருகிறார் என்றது.

எங்கள் கண்டிப் பக்கத்தில் 'தாத்தா' என்றால் மூன்று பேர். சிங்களவருக்கு அப்பா. என்னைப் போல் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்பாவைப் பெற்றவர். நஸ்ரின் வீட்டாரைப் போன்ற முஸ்லிம்களுக்கு அக்கா. போனைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. இதே வேலையை, இதே திறமையோடு, ஒரு காலத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது பள்ளிக்கூடம் முடித்து, தோட்டத்தை விட்டு இறங்கி, கெலிஓயாவில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் கணக்கெழுதச் சேர்ந்திருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் ஒரு வாசம் வரும். புது ரேடியோவின் பிளாஸ்டிக்கும், அட்டைப்பெட்டியும், முதலாளி தோளில் தடவும் தைலமும் கலந்த வாசம். முதலாளி ஹாஜியார். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட், அதில் ஒரு சின்னச் சாவி. அது கடை டெலிபோனின் சாவி. எண் சுற்றும் வட்டத்தில் ஒரு குட்டிப் பூட்டுத் தொங்கும். வருகிற அழைப்பை யாரும் எடுக்கலாம், போகிற அழைப்புக்கு அவர் திறக்க வேண்டும். முதல் நாளே அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போயிற்று.

சந்தேகம்தான் அந்த வியாபாரத்தின் முதல். பல்ப் வாங்க வருகிறவருக்கு அதை ஹோல்டரில் மாட்டி எரிய வைத்துக் காட்ட வேண்டும். ரேடியோ வாங்க வருகிறவர், கடை பெற்றரியில் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று சொந்த பெற்றரியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவார். டோர்ச் வாங்குகிறவர் பட்டப்பகலில் அதைச் சாக்குக்குள் விட்டு அடித்துப் பார்ப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பார்க்காமல் வாங்குகிறவனைத்தான் நாங்கள் சந்தேகப்பட்டோம்.

ஹாஜியாருக்கு ஒரு பழக்கம். பல்ப்பை ஹோல்டரில் மாட்டுவதற்கு முன்பு காதருகில் வைத்துக் குலுக்குவார். உள்ளே கம்பி அறுந்திருந்தால் 'கிலுங்' என்று மெல்லக் கேட்கும். ஆனால் அவர் வலக்கையில் பிடித்த பல்ப்பை, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், இடக்காதில் வைப்பார். தன் மூக்கைத் தானே நெரிப்பது போல இருக்கும். இதில் ஏதோ தொழில் ரகசியம் இருக்கிறது, எனக்கு ஒளிக்கிறார் என்று சந்தேகப்பட்டு நானும் அப்படியே குலுக்கப் பழகினேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் ஹாஜியார் தொழுகைக்குப் போன நேரம் டெலிபோன் அடித்தது. தூரத்து அழைப்பு, ஒரே இரைச்சல். யாரோ ஆண்குரல். "ஹாஜியாருக்குச் செல்லுங்க, தாத்தா நாளைக் காலக் கோச்சில வாரா. பேராதனைக்கு ஆள் அனுப்பட்டாம்." அதோடு அறுந்துபோனது.

வந்ததை வந்தபடி சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. நானோ படித்தவன். முதலாளியின் முன்னால் போய் நின்று, "உங்கள் பாட்டனார் நாளைக் காலை ரயிலில் பேராதனைக்கு வருகிறாராம். ஆள் அனுப்பச் சொன்னார்கள்" என்றேன்.

"ஆரு?"

"பாட்டனார்."

"எண்ட பாட்டனாரா?" ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "டேய் பண்டிதர், அவர் மௌத்தாகும்போது எனக்கு மீசை முளைக்கல்ல. நானும் நிண்டுதான் மண் போட்டன்."

தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "விளங்கிட்டு. என்ன ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டுக் கடைய உடைக்கப் பாக்கிறானுகள்."

எனக்கும் அது சரியாகவே பட்டது. மறுநாள் காலை யாரும் பேராதனைக்குப் போகவில்லை. கடையின் ஒரு கதவை மட்டும் திறந்தோம். மூட்டை தூக்கும் முத்தையா அண்ணன் இரும்புக் கம்பியோடு வாசலில் நிறுத்தப்பட்டார்.

"செத்துப்போனவரு வந்தா கம்பியால அடிச்சா படுமாங்க மொதலாளி?" என்று கேட்டார்.

"வாய மூடிட்டு நில்லு."

நான் கண்ணாடி அலுமாரியில் இருந்த ரேடியோக்களை எண்ணினேன். ஏழு. வருகிற ஒவ்வொருவர் போன பிறகும் மறுபடி எண்ணினேன். ஏழுதான். திருடன் வராதது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பகல் ஏறிய பிறகு ஒரு பெண் வந்தார். முந்தானையால் தலையை மூடியிருந்தார். கையில் சின்ன சூட்கேஸ், கக்கத்தில் ஓலைப்பெட்டி. முத்தையா அண்ணன் சூட்கேஸையே பார்த்தார். நான் ஓலைப்பெட்டியைப் பார்த்தேன், அதற்குள் ஒரு ரேடியோ தாராளமாக அடங்கும். ஹாஜியார் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பல்ப் ஒண்டு தாங்க" என்றார் அந்தப் பெண்.

ஹாஜியார் கல்லாவில் இருந்தபடியே ஒன்றை எடுத்து ஹோல்டரில் மாட்டப் போனார். "வேணாம், இஞ்ச தாங்க" என்று கையை நீட்டி வாங்கினார் அவர். வலக்கையில் பிடித்து, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், இடக்காதில் வைத்துக் குலுக்கினார்.

ஹாஜியார் கல்லாவிலிருந்து எழுந்தார். அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது.

"தாத்தா!"

என் தலைக்குள் ஏதோ அறுந்து 'கிலுங்' என்றது.

பின்னால் விளங்கிக்கொண்டது இது. கடையைத் தொடங்கிய அவர்களுடைய வாப்பாவுக்கு வலக்காது கேளாது. வலக்கைப் பழக்கக்காரர் ஆனதால், பல்ப்பை அப்படிக் குறுக்கே கொண்டுபோய்க் கேட்பார். பிள்ளைகள் இரண்டும் அதுதான் முறை என்று நினைத்து வளர்ந்துவிட்டார்கள். மகள் வாப்பாவுக்குப் பிடிக்காத ஒருவரைக் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போனார். வாப்பா பேச்சை நிறுத்தினார். வாப்பா போன பிறகும் தம்பி அதை நிறுத்தியே வைத்திருந்தார். இப்போது அந்த மாப்பிள்ளையும் மௌத்தாகி, புருஷனை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலமும் முடிந்து, தம்பி வீட்டில் தனக்கு ஒரு இடம் இருக்குமா என்று பார்க்க வந்திருக்கிறார்.

"ஸ்டேஷன்ல ஒத்தரும் இல்ல" என்றார் தாத்தா. "நீ ஆள் அனுப்பாட்டி அடுத்த கோச்சில திரும்பிப் போற எண்டுதான் வந்த."

"அப்ப ஏன் போகல்ல?" என்றார் ஹாஜியார்.

"கோச்சி லேட்டு. குந்திக் குந்தி அலுத்துப்போய் பஸ்ஸில ஏறிட்டன்."

முத்தையா அண்ணன் கம்பியை மெதுவாக ஒரு மின்விசிறிக்குப் பின்னால் மறைத்தார். ஹாஜியார் என்னைச் சுட்டிக்காட்டி, "தாத்தா, இந்தப் பண்டிதர்ட வேல. பாட்டனார் வாராராம்!" என்றார். தாத்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாட்டனார் இல்ல மனே, பாட்டியாத்தான் வந்தீக்கன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு முடியும்போது அது அழுகையாகியிருந்தது. ஹாஜியார் பச்சை பெல்ட்டிலிருந்த சாவியை எடுத்து டெலிபோன் பூட்டைத் திறந்து, வீட்டுக்குப் பேசிச் சோறு வைக்கச் சொன்னார். அவசரத்தில் திரும்பப் பூட்ட மறந்துவிட்டார். நான்தான் பூட்டினேன்.

தாத்தா அதற்குப் பிறகு தம்பி வீட்டிலேயே இருந்தார். கடைசி வரை, இருவரும் எல்லாவற்றுக்கும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். நான் அரச வேலை கிடைத்து விலகியதற்குப் பிறகும் பெருநாளைக்கு எனக்கு வட்டிலப்பம் வரும், 'பாட்டனாருக்கு' என்று சொல்லி. அது நின்ற ஆண்டில் இருவரும் இல்லை. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். மூன்று முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். மூன்று முறையும் போர்டில் வேறு வேறு பெயர். அதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

நஸ்ரினின் தாத்தா சொன்னபடி மறுநாள் வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, அப்படியே பல்லேகலைப் பக்கத்து சுப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். முன்னறை பல்ப் போய்விட்டிருந்தது. இப்போதைய பல்ப்புகள் வெள்ளையாக, உள்ளே ஒன்றும் தெரியாமல், அட்டைக்குள் அடைத்து இருக்கின்றன.

"இத ஒருக்கா எரிய வச்சுக் காட்ட ஏலுமா மகள்?"

"வொறண்டி இருக்கு அங்கிள்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

கடதாசியை நம்பச் சொல்கிறாள். நான் அட்டையைப் பிரித்தேன். பல்ப்பை வலக்கையில் எடுத்து, முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய், இடக்காதில் வைத்துக் குலுக்கினேன். அந்தப் பெண் கையை நிறுத்திவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நல்லதா, அறுந்ததா என்று பல்ப் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை குலுக்கினேன். அந்தக் கையசைவைப் பார்த்து, என்னை இன்னார் என்று அடையாளம் கண்டு எழுந்து நிற்க, அந்த சுப்பர் மார்க்கெட்டில் யாரும் இருக்கவில்லை.