அருளப்பன் சாரின் அடுப்பில்லா சாக்லேட்

அருளப்பன் சார் போய்விட்டார் என்று எதிர்வீட்டு வசந்தாக்கா ஜன்னல் வழியாகச் சொன்னபோது நான் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. கையில் ரேசரோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அந்தக் கன்னத்தையும் முடித்துத் துடைத்துவிட்டேன். எதையும் பாதியில் விட்டு ஓட என்னால் முடியாது. நீடாமங்கலத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும்.

அன்று மாலை அடக்கத்துக்கு நான் வரவில்லை. "சனிக்கிழமை தவறாம அந்த வீட்டுலயே கெடந்த ஆளு, ஒரு பிடி மண்ணு போட வரலையே" என்று கல்லறைத் தோட்டத்தில் யாரோ கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். அப்பாவுக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை. ஊர்வலம் எங்கள் தெருவைக் கடந்தபோது வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். போய்விட்டேன். சாரை அறிந்த உங்களுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் வேலையில் இருந்தவன் நான். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று பத்து நாள் லீவில் வந்தேன். ஏழு வருடம் ஓடிவிட்டது. அம்மா இல்லை, உடன்பிறந்தவர் இல்லை, எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. எங்கள் வீட்டுக்குள் ரயில் சத்தம் கேட்கும். எந்த நேரத்து வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்பது மனப்பாடம். வந்ததிலிருந்து ஒன்றிலும் ஏறியதில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்தவர் அருளப்பன் சார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், தனியாக இருந்தார்.

ஈஸ்டருக்குக் கோயிலில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் கையால் சாக்லேட் செய்து கொடுப்பார். அடுப்பு வேண்டாம். பிஸ்கட்டைப் பொடித்து, கோகோவும் வெண்ணெயும் கன்டென்ஸ்டு மில்க்கும் விட்டுப் பிசைந்து, முட்டை வடிவில் உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி ஃப்ரிட்ஜில் வைப்பார். தேங்காய் பேராவூரணியிலிருந்து வரவேண்டும், அதில் மட்டும் பிடிவாதம். சிக்கல் வேறொன்று. தவக்காலம் நாற்பது நாளும் சார் இனிப்பைத் தொட மாட்டார். விரலில் ஒட்டியதைக்கூட நக்காமல் குழாயில் கழுவுவார். ஈஸ்டருக்கு முதல் நாள் செய்கிற பண்டத்தை ருசி பார்க்க விரதம் இல்லாத ஒரு நாக்கு வேண்டும். நான் வந்த முதல் வருடம் கிண்ணத்தில் ஒரு உருண்டையோடு என் வாசலுக்கு வந்தார்.

"இனிப்பு சரியா இருக்கா பாருங்க தம்பி."

அப்பா உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். உருண்டையை வாங்கிக்கொண்டு, வாயில் போடாமலே "பிரமாதம் சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் பொடித்தது உப்பு பிஸ்கட். மறுநாள் காலைப் பூசை முடிந்து பிள்ளைகள் ஆளுக்கொரு கடி கடித்து அப்படியே துப்பிவிட்டார்கள். சார் நேராக என் வீட்டுக்கு வந்தார். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நினைத்தேன்.

"பொய் சொன்னீங்க, அது போகட்டும். ஒரு உருண்டையை வாயில போட்டுக்கக்கூட உங்களுக்கு நேரமில்லையே தம்பி. அதுதான் எனக்குத் தாங்கல."

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வசந்தாக்காவை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். "மூணுலேருந்து அஞ்சு வரைக்கும் அப்பாவை இவங்க பாத்துக்குவாங்க. நீங்க என்கூட வாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்கு என்னை விட்டால் ஆகாது, வேறு யார் கை பட்டாலும் முகம் சுளிப்பார் என்றெல்லாம் வாதாடினேன். சார் கேட்டுக்கொண்டே என் செருப்பைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். அன்று தொடங்கியவைதான் எங்கள் சனிக்கிழமைகள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டோம். டீ குடிப்போம், சண்டை போடுவோம், ஈஸ்டர் நெருங்கினால் உருட்டுவோம். சித்திரை வெயிலுக்குக் கலவை கையிலேயே உருகும். நான் உருண்டையை அழகு பார்த்துக்கொண்டிருந்தால் திட்டுவார். "உருட்டினா கீழ வச்சிடணும். புடிச்சுக்கிட்டே இருந்தா அதுவும் கெட்டுப்போகும், உங்க கையும் நாறும்." நான் நாலரைக்கே கடிகாரத்தைப் பார்ப்பேன். ஐந்து அடிக்கும் முன்பே என் வீட்டுக்குள் இருப்பேன். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. அதைப் பெருமையாகவே நினைத்திருந்தேன்.

போன வருடம் திருச்சியில் எனக்கு ஒரு வேலை வந்தது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். பகலில் ஆள் வைத்துக்கொள்ளலாம், தானும் பார்த்துக்கொள்வதாக சார் சொன்னார். மறுத்துவிட்டேன். அப்பா தாங்க மாட்டார் என்றேன்.

"அப்பாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணுமா? எனக்குத் தெரியாதா?"

"சிக்னல் போட்டாச்சு தம்பி. பிளாட்பாரத்துலயே நின்னுக்கிட்டு வண்டி மேல பழி போடாதீங்க. உங்களைக் கட்டி வச்சிருக்கறது அப்பா இல்ல."

எனக்கு வந்த ஆத்திரத்தில், பெண்டாட்டியும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் இருப்பவருக்கு என் கஷ்டம் என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். சார் எனக்கு இன்னொரு டீ ஊற்றினார். அந்த வார்த்தைக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இப்போது இங்கே கேட்கிறேன், அவர் காதில் விழாது என்று தெரிந்தும்.

இந்த வருடம் தவக்காலத்தின் நடுவில் போய்விட்டார். பெரிய வெள்ளிக்கு மறுநாள் மூன்று மணிக்கு வசந்தாக்கா வந்தார். "சார் இல்லன்னா சனிக்கிழமை இல்லாம போயிடுமா? கெளம்புங்க" என்றார். கடைத்தெருவில் சாமான் வாங்கிக்கொண்டு கோயில் மண்டபத்துச் சமையலறைக்குப் போனேன். தனியாக உட்கார்ந்து பிஸ்கட்டைப் பொடித்தேன். இந்த முறை வாயில் போட்டுப் பார்த்தேன். இனிப்பு சரியாக இருந்தது. அதைச் சொல்ல ஆளில்லாமல் அழுகை வந்துவிட்டது. இரண்டு கையிலும் கோகோ, கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை.

ஐந்து மணி ஆனபோது இன்னும் ஒரு தட்டு உருட்ட வேண்டியிருந்தது. எழுந்தேன். கலவையைப் பார்த்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். கடைசி உருண்டை வரைக்கும் உருட்டி, எல்லாவற்றையும் மண்டபத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். வீட்டை நெருங்கும்போது கிட்டத்தட்ட ஓடினேன். அப்பா கத்திக் கலவரம் பண்ணியிருப்பார், வசந்தாக்கா இனி வர மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று மனம் என்னென்னவோ சொல்லியது.

வசந்தாக்கா பேப்பர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா தலையணையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, குழறும் பேச்சில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

ஏழு வருடமாக நான் அவரிடம் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில். சார் எனக்காகச் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அன்று அதற்கு மேல் இருபது நிமிடத்தை நானாக எடுத்துக்கொண்டேன். சாரின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த இருபது நிமிடம்தான். அவர் இருந்தபோதே எடுத்துக்கொண்டிருக்கலாம்.