முன்சீப் குடித்தது யார் முறைத் தண்ணீர்?

தனக்குத் தெரியாத விஷயத்தில் இரண்டு பேர் மாறி மாறிப் பொய் சொல்வதை, எல்லாம் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்பதுதான் நீதிபதி உத்தியோகம். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கும், அதன் எதிரே நின்று அவதிப்பட்டவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

கிணறு எந்தப் பக்கம் பார்க்கிறது?

ஐம்பதுகளில் கிருஷ்ணகிரிக்கு முன்சீப்பாகப் போனேன். அதற்கு முன்பே தண்ணீர் உரிமைச் சட்டம் பற்றித் தடிமனாக ஒரு புத்தகம் எழுதிவிட்டேன். கிணற்றடியில் நின்றதுதான் கிடையாது.

முதலில் வந்ததே கிணற்று வழக்கு. கெலமங்கலம் பக்கத்தில் முனியம்மா என்ற விதவை. அவர் கொழுந்தனார் வேங்கடப்பா. மாமனார் வெட்டிய கிணற்றில் ஆளுக்கு ஒருநாள் முறை வைத்து இறைத்து வந்தார்கள். திடீரென்று வேங்கடப்பா, "முறை என்று எதுவுமே கிடையாது, கிணறு முழுக்க என்னுடையது" என்று அண்ணியைத் தடுத்துவிட்டார்; அவர் வழக்குப் போட்டதும் பதில்மனுவிலும் அதையே எழுதினார். முனியம்மாவின் ராகி கதிர் வாங்கும் சமயம்.

வீட்டு வழக்குகளில் வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள் அல்லவா? அந்த ஞாபகத்தில், தெலுங்கு பேசிய சாட்சியிடம் கிணறு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கம்பீரமாகக் கேட்டுவைத்தேன். மொழிபெயர்ப்பு பெஞ்ச் கிளார்க் கபீர் சாயபுவின் பொறுப்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் சிரிக்காமல் பேசக்கூடியவர். சாட்சியின் பதிலை என்னிடம் பணிவாகச் சொன்னார்: "வானத்தப் பாத்துக்கிட்டு இருக்குதாமுங்க, எஜமான்."

இரண்டு சொம்பு மோர்

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கிணற்றை நேரில் பார்ப்பது என்று முடிவு செய்தேன். உச்சி வெயிலில் வரப்பு வரப்பாக நடந்து போய்ச் சேர்ந்தால், இந்தப் பக்கம் முனியம்மா ஒரு சொம்பு மோர், அந்தப் பக்கம் வேங்கடப்பா ஒரு சொம்பு மோர். ஒன்றைத் தொட்டாலும் அடுத்த நாளே மேலே மொட்டைக் கடுதாசி போகும். இரண்டையும் மறுத்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கடைசியில் தாங்கமாட்டாமல், கபீர் சாயபுவை விட்டு அந்தக் கிணற்றிலேயே ஒரு வாளி இறைக்கச் சொல்லிக் குடித்தேன். வேங்கடப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க மோரு வேணாம்னீங்க. இன்னிக்கு எங்க முறைங்க எஜமான், நீங்க குடிச்சது எங்க தண்ணிதானுங்களே? அண்ணிக்கு நாளைக்குத்தான் முறை!" என்றார்.

அவருடைய வக்கீல் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கபீர் சாயபு வாளியைக் கீழே வைத்தார். "முறை இருக்குதுன்னு அவரே சொல்லிட்டாருங்க. எழுதிக்கட்டுங்களா?"

சேலத்துப் புத்தகம்

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே உத்தரவு போட்டிருப்பார்கள். நானோ சட்ட மேதை. பழைய தீர்ப்புத் தொகுதி ஒன்று சேலத்திலிருந்து வரவேண்டும், அதைப் பார்க்காமல் எழுதமாட்டேன் என்று, அன்று சாயங்காலம் கோர்ட்டுக்குத் திரும்பியதும் இரண்டு வாரம் வாய்தா கொடுத்தேன்.

முனியம்மா கூண்டை விட்டு இறங்கவில்லை. முந்தானையிலிருந்து வாடிப்போன ராகிக் கதிர் ஒன்றை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். "புஸ்தகம் எப்ப வேணா வருட்டுங்க சாமி. இது இன்னும் நாலு நாளு தாங்காதுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. வாய்தாவை அடித்துவிட்டு அங்கேயே இரண்டு வரி சொன்னேன்: வழக்கு முடியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் முனியம்மா இறைக்கலாம், யாரும் தடுக்கக்கூடாது. அவர் கும்பிடுகூடப் போடவில்லை. வேங்கடப்பாவைத்தான் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு எம்முறை. மாட்ட ஓட்டிக்கிட்டு விடியறப்பவே வந்துருவேன், வழிய விடு."

பிற்பாடு உயர் நீதிமன்றம்வரை உயர்ந்து நான் பக்கம் பக்கமாக எழுதிய தீர்ப்புகளையெல்லாம் யாராவது ஒருவர் திருத்தியிருக்கிறார்கள். புத்தகத்தைப் பார்க்காமல் எழுதிய அந்த இரண்டு வரியில் மட்டும் இன்றுவரை யாருக்கும் ஒரு குற்றமும் கிடைக்கவில்லை.