சிவப்பு மேலே, பச்சை கீழே

விமானத்தின் மூக்குக்கு முன்னால் கட்டை விரலை உயர்த்திக்கொண்டு பாவா நின்ற கோலம் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பொதட்டூர்பேட்டையில் நெசவு வீட்டில் பிறந்து, தறிச் சத்தம் காதை அடைக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டு, அதைவிடப் பெரிய சத்தத்துக்கு நடுவே வேலை தேடிக்கொண்ட மனிதர். திருத்தணியிலிருந்து ரயிலில் போய் வரும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய விமானப் பயிற்சிப் பள்ளியில் அவர் பழுதுபார்ப்பவர். படிப்பை முடித்து அதே பணிமனையில் நானும் போய்ச் சேர்ந்த அன்று, "ஊட்லயும் மச்சினி, வேலைலயும் மச்சினியா? முருகா, நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று மலை இருக்கும் திசையைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார். அவரோடு வேலை செய்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்று இரண்டு பேர் உட்காரும் ஒரு விமானத்துக்குப் பழைய வயர்களை எடுத்துவிட்டுப் புது வயர்கள் போட்டிருந்தார். விமானி கையில் இருக்கும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால், இடது இறக்கையின் ஓரத்தில் உள்ள சிறு பலகை மேலே எழும். வலது இறக்கையின் பலகை கீழே இறங்கும். விமானம் இடப்பக்கம் சாயும். ஸ்டிக்கையும் பலகைகளையும் இணைப்பவை விமானத்தின் தரைப் பலகைக்கு அடியில் ஓடும் இரண்டு கம்பி வயர்கள். ஒரே கனம், ஒரே தோற்றம். இதன் முனையை அதன் கொக்கியில் மாட்டினாலும் சமர்த்தாகப் பொருந்திக்கொள்ளும். காலையில் அவற்றை மாட்டியவரும் பாவா, பிறகு சரிபார்த்தவரும் பாவா.

சரிபார்க்கிறவர் வழக்கமாக வால் பக்கம் நிற்பார். அங்கே நின்றால் விமானியின் இடப்பக்கம்தான் அவருக்கும் இடப்பக்கம். அன்று வால் சுவரை ஒட்டி இருந்ததால் பாவா முன்னால் வந்து விமானத்தைப் பார்த்து நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த பணிமனை ஆள் "லெஃப்ட்" என்று கத்திக்கொண்டே ஸ்டிக்கைச் சாய்த்தார். பாவாவின் இடக்கைப் பக்கத்துப் பலகை எழுந்தது. கட்டை விரலைத் தூக்கினார். எதிரே நிற்பவரின் இடப்பக்கம் உள்ளே இருப்பவருக்கு வலப்பக்கம் என்பது அந்த நேரத்தில் இருவருக்குமே உறைக்கவில்லை.

சோதனைக்காக ஓட்டிப் பார்க்க வந்தவர் எங்கள் கேப்டன் சார். ஏறுவதற்கு முன் விமானத்தின் மூக்கைத் தட்டி, "போலாமா ராஜா?" என்று கேட்பார். அன்றும் கேட்டார். ஸ்டிக்கை நாலா பக்கமும் ஆட்டி, தடங்கல் இல்லாமல் அசைகிறதா என்று பார்த்தார். எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்கும் பழக்கம் அப்போது எங்களில் யாருக்கும் இல்லை. மேலே எழும்பியதும் விமானம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அதை நிமிர்த்த அவர் செய்ததெல்லாம் சாய்வை இன்னும் கூட்டியது. ஓடுபாதையைத் தாண்டியிருந்த நிலக்கடலைக் கொல்லையில் விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அவர் இறந்துவிட்டிருந்தார்.

விபத்துக்கு மறுநாளே டீக்கடை வரைக்கும் தீர்ப்பு வந்துவிட்டது. கேப்டனுக்கு வயசாகிவிட்டது, தப்பாகத் திருப்பிவிட்டார் என்றார்கள். விமானம் நொறுங்கிக் கிடந்ததில் வயர் எங்கே மாட்டியிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பாவாவுக்கு மட்டும் அந்த எழுந்த பலகை நினைவில் இருந்தது. வீட்டுக்கு வந்து, எந்தப் பக்கம் எழுந்தது என்று என்னைத் தன் எதிரே விமானம் மாதிரி கை விரித்து நிற்க வைத்துப் பார்த்தார். பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா அழுதாள். "நீங்களா போயி ஏன் மாட்டிக்கிறீங்க? வேலை போவும், ஜெயில்ல போடுவாங்க. கொழந்தைங்கள நெனச்சுப் பாருங்க!"

"கேப்டன் ஊட்டம்மா கிட்டப் போயி, ஒன் புருஷனுக்கு ஓட்டத் தெரிலன்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. ஓட்டத் தெரிஞ்ச மனுஷன்டி அவரு!" என்றார் பாவா. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. விடிந்ததும் விசாரணை அதிகாரிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதை வைத்து கொக்கிகளில் வயர் முனைகள் பதிந்திருந்த தடங்களைப் பார்த்து, மாற்றித்தான் மாட்டியிருந்தது என்று கண்டுபிடித்தார்கள். கேப்டன் மேல் பிழையில்லை என்று அறிக்கை வந்தது. பாவாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அந்த மாதங்களில் அவர் அப்பா வீட்டுத் தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாடு கொண்டு போன என்னிடம், "இங்க பாரு" என்றார். சேலையின் நீளவாட்டு நூலான பாவை விரித்து, எதிரெதிரே உட்கார்ந்து இழை பிணைத்துக்கொண்டிருந்தார்கள். யாருமே இடம், வலம் என்று பேசவில்லை. "செவப்பு கர பக்கம் இழு", "பச்ச பக்கம் தளத்து" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எதிரெதிரே இருப்பவர்களுக்கு இடம் வலம் மாறும். கரையின் நிறம் மாறாது. "பொறந்ததுலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன். வேலைக்குப் போனா மட்டும் லெஃப்ட்டு ரைட்டு!" என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை விளக்கு. உலகத்தில் எந்த விமானமானாலும் அப்படித்தான்.

திரும்ப வேலைக்கு எடுத்ததும் அவர் கேட்டது மூன்றே விஷயம். வயரை மாட்டியவர் சரிபார்க்கக் கூடாது. ஸ்டிக்கைப் பிடிப்பவர் எந்தப் பக்கம் சாய்க்கிறார் என்று வாயைத் திறக்கக் கூடாது. வெளியே நிற்பவர் எழுந்த பக்கத்தின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். சிலர் சிரித்தார்கள். "பாவா பணிமனைய லுங்கிக் கடையாக்கப் போறாரு" என்று நானே கிண்டல் செய்தேன். ஆனாலும் மேலிடம் ஒப்புக்கொண்டது, பழக்கமாகிவிட்டது.

சில ஆண்டுகள் கழித்து, வெளியில் அனுப்பிப் பழுது பார்த்த ஒரு விமானம் திரும்பி வந்தது. ஓட்டிப் பார்க்கப் புதிதாக வந்த ஒரு பெண் கேப்டன் தயாராக நின்றார். நான் உள்ளே, பாவா வெளியே. வாயைத் திறக்காமல் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தேன். சிவப்பு என்று கேட்கக் காத்திருந்தேன்.

"பச்ச மேல!"

ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி சாய்த்தேன்.

"பச்ச மேல! ஏம்மா, காதுல உழலியா?"

"பாவா, நான் இடப்பக்கம் சாய்ச்சிருக்கேன்" என்றேன். பாவா அந்த நீண்ட கொட்டகை அதிரும்படி கத்தினார்: "நிறுத்து! யாரும் ஏறாதீங்க! நிறுத்து!" அப்படி ஒரு சந்தோஷக் குரலை நான் எந்தத் திருவிழாவிலும் கேட்டதில்லை. தரைப் பலகையைத் திறந்தோம். வயர்கள் மாறியிருந்தன. கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள்; யாரோ பாவாவைத் தூக்கியே விட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இன்று எங்கள் பணிமனையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நிறம் சொல்லிப் பழக்குகிறோம். முன்பு அப்படியொரு விபத்து நடந்தது என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வயர் மாறியிருந்ததைக் கண்டுபிடித்த அந்தச் சாயங்காலம் எங்களோடு டீ குடித்துக்கொண்டிருந்த பெண் கேப்டனுக்கு அவர் அம்மாவிடமிருந்து போன் வந்தது. ராத்திரிக்கு உப்புமா என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். "மறுபடியும் உப்புமாவா? நான் வீட்டுக்கே வர மாட்டேன், போ!" என்று அவர் சண்டை போட்டார். பாவா என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, வாய் நிறையச் சிரிப்பு.

"போவுது பாரு, ஊட்டுக்கு" என்றார்.