மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிற வேலை அண்ணிக்கு. குத்துவதற்கு முன்னால் "லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார். எறும்பு எங்கே, ஊசி எங்கே? ஆனாலும் சொல்லிவிட்டால் ஜனங்கள் கையை இழுப்பதில்லை. சொல்லாமல் குத்தினால் ஆறடி ஆள்கூட அலறுவான். இந்த ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத பல நாட்டு ஆட்களுக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கிற நிலைக்கு அவர் வந்து சேர்ந்தார் என்றால், அது முழுக்க வீட்டுக்காரராலும் கொழுந்தனாலும் வந்த வினை.

அண்ணன் தம்பி இருவரும் கண்ணாடிக் கடை நடத்துகிறவர்கள். ஜன்னல் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி. பெரிய தகட்டை எங்கெங்கே வெட்டினால் கழிவு குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் ஒன்றைச் சேர்ந்து எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று இணையத்தில் திறந்தும் வைத்தார்கள். எடுத்தவர்களில் பாதிப் பேர் தச்சர்கள். மரத்தை அறுத்தால் ரம்பத்தின் பருமனுக்கு மரம் தூளாகப் போய்விடும், அதையும் கணக்கில் சேருங்கள் என்றார்கள். தம்பி இளகிய மனசுக்காரன், சேர்த்துவிட்டான். ஆனால் கண்ணாடிக்கும் அதே கணக்கு ஓடுவதைக் கவனிக்கவில்லை. கண்ணாடி கீறி உடைக்கிற பொருள், தூளாக ஒன்றும் போகாது. போகாத தூளுக்கெல்லாம் இடம் விட்டதில் ஒரு பள்ளிக்கூடத்துக்கான மீன் தொட்டி ஆர்டர் முழுக்க மூன்று மில்லிமீட்டர் கூடிப்போய், ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தோடு சேரவில்லை.

அன்று அண்ணன் மென்பொருளின் இணையதளத்தில் எல்லோரும் குறைகளைப் பதிவு செய்கிற பக்கத்தில் எழுதியதை அப்படியே இங்கே தர முடியாது. அதில் கழுதை வந்தது, காலமான அப்பா வந்தார், தம்பி பிறந்த நேரம் வந்தது. தம்பியும் சளைத்தவனில்லை, அண்ணனின் வழுக்கையைப் பிடித்துக்கொண்டான். உலகத்துத் தச்சர்களெல்லாம் இதை இயந்திர மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு அரண்டுபோய், ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள்.

"ஊசி குத்துற எனக்கே இவ்வளவு பக்குவம் வேண்டியிருக்கு. உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டுவிட்டு, அண்ணி சமையல் மேசையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்துக்கு நடத்தை விதிகளை எழுதினார். குறை சொல்லும் முன் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வேலையைத் திட்டலாம், ஆளைத் திட்டக் கூடாது. செத்தவர்களை இழுக்கக் கூடாது. வாடா போடா கிடையாது. ஒரு முன்மொழிவை மறுத்தால் காரணமும் மாற்று வழியும் சொல்ல வேண்டும், வெறும் விருப்பம் காரணமாகாது. மீறினால் ஒரு மணி நேரத்துக்குள் எழுதியது மறைக்கப்படும், எழுதியவர் ஒரு மாதம் வெளியே நிற்க வேண்டும்.

ஓடிப்போன தச்சர்கள் திரும்பி வந்தார்கள். விதிகளின் கீழே இருந்த அண்ணி என்பது ஏதோ பதவியின் பெயர் என்று அவர்கள் நினைத்துக்கொண்டதுதான் வேடிக்கை. வேறொரு மென்பொருள் குழு, தங்களுக்கும் ஓர் அண்ணியை நியமிக்க என்ன தகுதி பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தது.

வீட்டில்தான் நிலைமை வேறு. மீன் தொட்டிக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் வாயால் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீடு, மாடியில் தம்பி, கீழே அண்ணன், ஒரே கடை. பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தார்கள். அங்கேதானே மரியாதை இருக்கிறது!

"குளியலறைத் தாழ்ப்பாள் விழுவதில்லை" என்று தம்பி ஒரு குறையைப் பதிவு செய்வான். "மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு, கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி. நான் உள்ளே இருக்கும்போது தாழ்ப்பாள் சரியாகவே விழுகிறது. குறை தோன்றும் விதத்தைப் படிப்படியாக விளக்க இயலுமா?" என்று அண்ணன் கீழ்த்தளத்திலிருந்து எழுதுவார். தம்பி படம் எடுத்துப் போடுவான். 'மழையில் துணி நனைகிறது' என்ற குறைக்கு யாரோ 'புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை' என்று அடையாளமிட்டார்கள். கடல் கடந்த ஒரு மாணவி, இந்த வேலையை நான் எடுத்துக்கொள்ளலாமா என்று ஆசையாகக் கேட்டாள். துணி நனைந்ததுதான் மிச்சம். சாப்பாட்டில் உப்பு அதிகம் என்ற குறைக்கு, உப்பின் அளவைப் பயனரின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம் என்று குளிர்நாட்டுத் தச்சர் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல மனிதர், விதிமீறல்களை விசாரிக்கும் நடத்தைக் குழுவில் அண்ணிக்குத் துணையாக இருப்பவர். அவர் சொல்லைத் தட்ட முடியாமல் அண்ணி மேசையில் உப்புக் கிண்ணம் வைத்தார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த இரண்டு பேர் போடுகிற சத்தத்தில்தான் அண்ணி கண்விழித்திருக்கிறார். மரியாதை வந்த பிறகு வீட்டில் குக்கர் விசில் மட்டும்தான் கேட்டது. அது அவருக்குப் பிடிக்கவே இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் தம்பியிடமிருந்து புதிய பதிவு வந்தது. வீடு, கடை, மென்பொருள் மூன்றையும் பிரித்துக்கொள்ளும் முன்மொழிவு. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓர் இடம் பார்த்திருக்கிறான். தச்சர்களுக்கான கணக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவான், கண்ணாடிக் கணக்கு அண்ணனுக்கு. இரண்டு வாரத்துக்குள் முறையான மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

அண்ணி சாப்பாட்டு மேசையில் வீட்டுக்காரரைப் பிடித்தார்.

"என்னங்க, வேண்டாம்னு எழுதுங்களேன்."

"காரணம் கேப்பாங்க."

"அவன் போகக் கூடாது. அதான் காரணம்."

"அது காரணமில்ல, விருப்பம். நீதானே விதியில எழுதியிருக்க?"

பிரிப்பதில் குற்றம் சொல்லவும் வழியில்லை. மரத்தையும் கண்ணாடியையும் தனித்தனியாக வைத்திருந்தால் மீன் தொட்டியே கெட்டிருக்காது. அண்ணன் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் போட்டது இவ்வளவுதான்: "மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு, தெளிவான முன்மொழிவுக்கு நன்றி. எனக்கு ஆட்சேபணை இல்லை. தங்கள் புதிய முயற்சி சிறக்க வாழ்த்துகள்." அதற்குக் கீழே உலகத்தின் நாலா பக்கமிருந்தும் இதயங்கள் குவிந்தன. இவ்வளவு பண்பான பாகப்பிரிவினையைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று எழுதினார்கள்.

மாடிப்படியில் தம்பியை மறித்தார் அண்ணி.

"ஏம்ப்பா, நிஜமாவே போறியா?"

"அண்ணன்தான் வாழ்த்தே சொல்லிட்டாரே அண்ணி." தம்பி போனை நீட்டிக் காட்டினான். "தங்கள்னு எழுதியிருக்காரு. என்னைப் போய் தங்கள்னு."

சண்டையை நிறுத்தத்தான் அவர் விதி எழுதினார், ஆளை அனுப்பிவைக்க அல்ல.

கெடு முடிகிற நாள். பரிசோதனை நிலையத்தில் ஒரு பருத்த மனிதரின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் விடாமல் அதிர்ந்தது. ரத்தத்தை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் பார்த்தார். புகார்மேல் புகார். அண்ணன் எழுதியிருந்தார்:

"டேய் தடியா, வீட்டைவிட்டு இறங்கினே, காலை ஒடிச்சுடுவேன். நீயும் போயிட்டா நான் யாருகிட்டடா சண்டை போடுறது?"

அதற்குள் குளிர்நாட்டுத் தச்சர் பதறிப்போய்த் தனியாக எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பில் படித்தேன், உடற்காயம் பற்றிய தெளிவான மிரட்டல் இருக்கிறது, விதிப்படி உடனே மறைக்க வேண்டும், விசாரணைக் குறிப்பில் சேர்ப்பதற்காகக் கேட்கிறேன், எந்தக் கால் என்று அவர் குறிப்பிட்டிருக்கிறாரா?

மறைக்கும் முன் பாதிக்கப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதும் அண்ணி எழுதிய விதிதான். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு கடைக்கு ஓடினார். அங்கே அண்ணன் வெட்டும் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தகடு முன்னால் கிடந்தது, கை ஓடவில்லை. இன்னொரு மூலையில் தம்பியின் பெட்டி திறந்திருந்தது. உள்ளே வைப்பதற்காகத் தன் கண்ணாடி வெட்டும் கருவியைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் போனோடு உட்கார்ந்திருந்தான்.

அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டே முறைப்படி கேட்டார். "பாதிக்கப்பட்டவன் நீ. அதை இப்ப மறைக்கப் போறேன். உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

"மறைக்காதீங்க அண்ணி. நான் இன்னும் படிச்சு முடிக்கல."

"ரெண்டே வரிதானேப்பா?"

"இருக்கட்டும்."

ஒரு மணி நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அண்ணியின் போன் மறுபடி அதிர்ந்தது. நடத்தைக் குழு பதிலுக்குக் காத்திருக்கிறது என்றார் தச்சர். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணி அதைத் தம்பியிடமே நீட்டினார். தம்பி படித்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு தொண்டையைச் செருமி, அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"குளிர்நாட்டுத் தச்சர் கேக்குறாரு, எந்தக் கால்னு."

அண்ணன் தகட்டின் மேல் அளவுகோலை நகர்த்தி வைத்தார்.

"ரெண்டும்டா," என்றார் அண்ணன், திரும்பாமலே.

தம்பி அண்ணியின் போனைத் திருப்பிக் கொடுத்தான். மடியில் இருந்த கருவியின் மேல் சுற்றிய செய்தித்தாளைப் பிரிக்க ஆரம்பித்தான்.