கமராவை மறைத்த கை

அயர்லாந்துப் படங்களையும் தொடர்களையும் நான் ரசனையால் பார்க்கத் தொடங்கவில்லை. என் ஒரே மகள் அங்கே ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறாள். அவளுடைய ஊர் எப்படி இருக்கும் என்று அவளிடமே கேட்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன். அதனால் மனைவி செத்து முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்த பிறகு, மதியச் சோற்றை முடித்துவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரப் பழகினேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். அந்த மனிதர்கள் பேசுவதில் பாதி விளங்கவில்லை. கீழே ஓடும் எழுத்துகளை வாசித்துத்தான் கதையைப் பிடித்தேன். கதையும் எனக்கு முக்கியமில்லை. பஸ் வந்து நின்றால் படத்தை நிறுத்தி, இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்ப்பேன். எப்போதும் மழை. அடுப்படி மேசையில் எப்போதும் தேநீர். இந்தக் குளிரில் அவள் எப்படி வேலைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே வாவிக் காற்று வெக்கையாக அடிக்கும்.

அவள் அந்த நாட்டுக்காரன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். "நான் செத்தாலும் நீ இந்தப் படலைக்குள்ள வரப்படா" என்று தொலைபேசியில் கத்தினேன். அதன் பின் ஏழு வருடம் அவளோடு பேசவில்லை. மனைவி மட்டும் கிணற்றடியில் நின்று ஒவ்வொரு நாளும் பேசுவாள். எனக்கு அது தெரியும். தெரியாதவன்போல இருந்தேன்.

பிறகு மனைவி போய்விட்டாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், நெஞ்சு வருத்தம். அவளுடைய தங்கைதான் எல்லோருக்கும் சொல்லியனுப்பி, பந்தல் போடுவித்து, வீடியோக்காரரையும் பிடித்தாள். எங்கள் பக்கத்தில் இப்போது வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவு விழுந்தால் முதலில் தேடுவது அவரைத்தான். வர முடியாதவர்கள் அங்கிருந்தே பார்த்து அழுவதற்கு நேரலை போடுவார்.

பிரேதப் பெட்டி வைக்கவிருந்த இடத்துக்கு நேரே மூன்று காலில் கமரா நின்றது.

"இது ஆருக்கு?" என்றேன்.

"மகளுக்குத்தான் அத்தான். பிளேன் ரிக்கட் கிடைக்கல்லயாம். அங்க பாத்துக்கொண்டிரிக்காள்."

"கழட்டச் சொல்லு."

"அத்தான், பெத்த தாயில்லயா? இண்டைக்கும் உங்கட பிடிவாதமா?"

நேரே போய் உள்ளங்கையால் கமராவின் கண்ணை மூடினேன். வீடியோக்காரர் வயரைச் சுருட்டினார். பெட்டி அப்போது பந்தலுக்கு வந்திருக்கவில்லை. மகள் கண்டது கொஞ்சம் வெறும் கதிரைகளையும் என் கையையும் மட்டுமே. பல நாள் கழித்து மனைவியின் தங்கை என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னாள். அன்றோடு அவளும் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

போன மாதம் பார்த்த தொடரில் ஒரு செத்தவீடு வந்தது. கிழவி ஒருத்தியைக் கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். சனம் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு அவளைப் பற்றிப் பகிடி பேசுகிறது. தகப்பனோடு கோபித்துப் போன மகன் மழையில் நனைந்தபடி வெளிவாசலில் நிற்கிறான், உள்ளே வரவில்லை. கடைசியில் கிழவன் எழும்பி, குடையும் இல்லாமல் போய், மகனின் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறான். அந்த இடத்தை எத்தனை தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் என்று தெரியாது.

அடுத்த நாள் காலை பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போய் வீடியோக்காரரைக் கண்டேன். மகளுக்கு அனுப்ப, அன்றைக்கு எடுத்தது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"என்ன சேர் கேக்கிறீங்க? நீங்கதானே மூடினீங்க. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் எடுக்கல்ல."

வேறு வழியில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியின் தொலைபேசியிலிருந்தே மகளுக்குக் கோல் எடுத்தேன். இங்கே மத்தியானம், அங்கே காலை. அம்மாவின் பெயரைத் திரையில் கண்டு அவள் பதறியிருப்பாள் என்பது மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஆரு?"

"நான்தான், மகள். அப்பா." பிறகு, எழுதி வைத்திருந்ததை வாசிப்பதுபோலச் சொன்னேன்: "உன்ன அம்மாவப் பாக்க விடாம ஆக்கினது நான். அண்டைக்கு நடந்ததெல்லாம் நானே சொல்றன். கேள்."

அவள் கேட்டாள்: "அம்மாக்கு என்ன சாறி உடுத்தினீங்க?"

பெண்கள்தான் உள்ளறையில் குளிப்பாட்டி உடுத்தினார்கள். ஆனால் பிறகு மூன்று மணி நேரம் நான் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். யாராவது களவாகக் கைத்தொலைபேசியைத் தூக்குகிறார்களா என்று சனத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தெரியா, மகள்."

"பக்கத்திலதானே நிண்டீங்க?"

"ஓம்."

"என்ன சாறியெண்டு சித்தி எனக்கு எப்பவோ சொல்லிற்றா. உங்கட வாயால கேக்க ஆசப்பட்டன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வேலைக்கு நேரமாகிற்று, வைக்கிறன்."

அதன் பிறகு இரண்டு முறை எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. மனைவியின் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேலையைப் பற்றிக் கேட்கலாம். எந்த முகத்தோடு போவது?

அந்தத் தொடரில் வந்த கிழவிக்கு வெளிறிய நீலத்தில் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். கழுத்தடியில் ஒரு பொத்தான் இல்லை. விரல்களில் கறுப்புச் செபமாலை சுற்றியிருந்தது. இதையெல்லாம் யார் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும்.